ஆலங்கட்டி மழைக்குள் விமானம் போனால் என்ன ஆகும்?

மூக்கு நசுங்கிய விமானத்தின் படம் அவ்வப்போது எல்லார் போனிலும் சுற்றி வரும். முன்பகுதி பிய்ந்து உள்ளே இருக்கிற ஒயரெல்லாம் தெரியும், காக்பிட் கண்ணாடி முழுக்க விரிசல் விழுந்து வெள்ளை வெளேரென்று இருக்கும், மேலே ‘நூலிழையில் உயிர் தப்பிய பயணிகள்’ என்று ஒரு தலைப்பும் போட்டிருப்பார்கள். பார்த்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற சேதம் பார்வைக்குத்தான் பயங்கரம், விமானத்தைக் கீழே தள்ளுகிற வகை பெரும்பாலும் அது கிடையாது. ஆலங்கட்டியால் ஒரு பயணிகள் விமானத்துக்கு வரக்கூடிய நிஜமான ஆபத்து, படம் பிடிக்க முடியாத இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒன்று என்ஜினுக்குள்ளே, இன்னொன்று விமானி நம்பிப் பார்த்துக்கொண்டிருக்கிற ரேடார் திரையில்.

அதற்குப் போவதற்கு முன்னால் ஆலங்கட்டி எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது எங்கே இருக்கும் என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

ஆலங்கட்டி எந்த மேகத்திலும் வந்துவிடாது. கருத்துத் திரண்டு, பல கிலோமீட்டர் உயரத்துக்குக் கோபுரமாக எழும்பி நிற்கிற இடிமேகம் வேண்டும். வானிலைக்காரர்கள் குமுலோனிம்பஸ் என்பார்கள். அதன் உச்சி 12, 15 கிலோமீட்டர் உயரம்கூடப் போகும், அதாவது பயணிகள் விமானம் சாதாரணமாகப் பறக்கிற 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியும் நிற்கும். ஆகவே ‘மேலே ஏறித் தாண்டிப் போய்விடலாமே’ என்ற யோசனை பல நேரம் எடுபடாது. இந்த மேகத்துக்குள்ளே காற்று கீழிருந்து மேலே பீறிட்டுப் போகிறது. வலுவான இடிமேகத்தில் அந்த மேலெழும் காற்றின் வேகம் நொடிக்கு 40 மீட்டரைத் தொடும், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 145 கிலோமீட்டர்.

அந்தக் காற்று நீர்த்துளிகளை அள்ளிக்கொண்டு போகிறது. இங்கே ஒரு விசித்திரம்: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனதும் தண்ணீர் உடனே உறைந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் மேகத்தில் இருக்கிற நுண்துளிகள் மைனஸ் 20, மைனஸ் 30 டிகிரியில்கூடத் திரவமாகவே மிதந்துகொண்டிருக்கும். உறைய ஒரு சாக்குக்காகக் காத்திருக்கும் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னப் பனித்துணுக்கு நடுவே வந்தால் போதும், அதன் மேல் பட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். இப்படி அடுக்கடுக்காக ஒட்டி ஒட்டி கட்டி பெரிதாகிறது. காற்று அதைத் தாங்கிப் பிடிக்கிற வரை மேலேயே இருந்து வளரும், கனம் தாங்காமல் போனால் விழும். அதனால்தான் ஆலங்கட்டியின் அளவு, மேகத்துக்குள் காற்று எவ்வளவு வலுவாக மேலே அடிக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி. 2010 ஜூலையில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் விவியன் என்ற ஊரில் விழுந்த கட்டி சுமார் 20 சென்டிமீட்டர் குறுக்களவு, ஏறக்குறைய 880 கிராம். 1986 ஏப்ரலில் வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் ஒரு கிலோவுக்கும் சற்று அதிக எடையுள்ள கட்டி விழுந்திருக்கிறது. அப்படி ஒன்றைத் தாங்கிப் பிடித்திருந்த காற்று எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘எங்கள் பக்கம் ஆலங்கட்டியே விழாது, அதனால் இந்தக் கவலை எங்களுக்கு இல்லை’ என்று வெப்பமண்டலப் பகுதிகளில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. வெப்பமண்டலத்தில் காற்று பூஜ்ஜியம் டிகிரிக்கு வருவதே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில்தான். அங்கிருந்து விழுகிற கட்டி சூடான காற்றின் ஊடாக அவ்வளவு தூரம் வருவதற்குள் உருகி, தரைக்கு வெறும் பெருமழைத் துளியாக வந்து சேரும். குடை பிடித்திருப்பவருக்கு அது மழை. அதே மேகத்துக்குள் 6 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு அது ஆலங்கட்டி.

வேகம்தான் விவகாரம்

5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு ஆலங்கட்டியை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 60 கிராம். அது வானிலிருந்து விழும்போது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி விழும். நின்றிருக்கிற கார் மேல் பட்டால் தகடு குழியும், கண்ணாடி உடையும். சரி, அதே கட்டியை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானம் மோதினால்? வேகம் ஏழு மடங்குக்குச் சற்று மேல். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் காரின் மேல் விழுந்த அடியைப் போல ஐம்பது மடங்குக்கும் மேலான அடி விமானத்துக்கு விழுகிறது.

கவனித்தீர்களா, இந்தக் கணக்கில் கட்டி விழுகிற வேகம் ஒரு பொருட்டே இல்லை. அது காற்றில் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தாலும் விமானத்துக்கு அதே அடிதான். ஆலங்கட்டி விமானத்தைத் தாக்கியது என்று செய்தியில் எழுதுகிறார்கள், நடந்தது என்னவோ விமானம் போய் ஆலங்கட்டிகளின் மேல் மோதியதுதான்.

மழையில் பைக் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும், மழை மேலிருந்து பெய்தாலும் அடி முகத்தில்தான் விழும். விமானத்துக்கும் அப்படியே. பறக்கும்போது ஆலங்கட்டி மேலிருந்து கூரையில் கொட்டாது, நேர் எதிரே வந்து அறையும். அதனால் சேதமும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பாகங்களில்தான் இருக்கும்: மூக்கு, காக்பிட் கண்ணாடி, இறக்கையின் முன் விளிம்பு, என்ஜின் வாயின் விளிம்பு, வால் பகுதியின் முன் விளிம்பு. பயணிகள் உட்கார்ந்திருக்கிற உருளையான நடுப்பகுதியின் பக்கவாட்டில் படுகிற கட்டிகள் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். 2023 ஜூலையில் இத்தாலியின் மிலானிலிருந்து நியூயார்க் கிளம்பிய டெல்டா நிறுவனத்தின் போயிங் 767 ஒன்று ஆலங்கட்டியில் மாட்டி ரோமில் இறங்கியது. அதன் படங்களிலும் இந்தக் கணக்குதான் தெரியும். மூக்கும் இறக்கை விளிம்புகளும் அடிவாங்கியிருந்தன.

மூக்கு ஏன் அவ்வளவு சுலபமாக நொறுங்குகிறது? ஏனென்றால் அது உலோகமே இல்லை. அதற்குள்ளேதான் வானிலை ரேடாரின் ஆன்டெனா இருக்கிறது, ரேடார் அலை உலோகத்தைத் தாண்டிப் போகாது, அதனால் ஃபைபர் கிளாஸ் போன்ற பொருளில் மெல்லிய கூடாகச் செய்து மாட்டியிருப்பார்கள். ரேடோம் என்று பெயர். விமானத்தின் உடலுக்குள் காற்றழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வலுவான சுவர் இதற்குப் பின்னால் தனியாக இருக்கிறது. ஆக, ரேடோம் முழுசாகப் பிய்த்துக்கொண்டு போனாலும் கேபினுக்குள் காற்று குறையாது, விமானம் பறக்கும். ஆனால் ஒன்றும் ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. மூக்கு போனால் ரேடாரும் போச்சு, அதுவும் ரேடார் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில். அதோடு, மூக்கின் வழவழப்பான வளைவை நம்பித்தான் அதற்குச் சற்றுப் பின்னால் வேகத்தை அளக்கிற பிடோட் குழாய்களுக்குக் காற்று ஒழுங்காகப் போகிறது. வளைவு கெட்டால் காற்றோட்டம் கலையும், வேகமானி ஆளுக்கொரு எண்ணைக் காட்ட ஆரம்பிக்கும், அதை நம்பியிருக்கிற கணினிகள் தானியங்கி ஓட்டத்தைக் கைவிட்டுவிட்டு ‘இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விமானிகளிடம் ஒப்படைத்துவிடும். வேகமானியை நம்ப முடியாத நிலையில், என்ஜின் விசையையும் மூக்கின் சாய்வையும் மட்டும் வைத்து ஓட்டுவதற்கு விமானிகளுக்குத் தனிப் பயிற்சி உண்டு.

கண்ணாடி விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. காக்பிட் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி கிடையாது, பல அடுக்குகள், நடுவில் பிளாஸ்டிக் படலங்கள், பனி படியாமல் இருக்க மின்சூடு கொடுக்கிற ஒரு மெல்லிய பூச்சு. முன்கண்ணாடி, விமானத்தின் பயண வேகத்தில் சுமார் 1.8 கிலோ எடையுள்ள பறவை மோதினாலும் உடைந்து உள்ளே வந்துவிடாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆலங்கட்டி அடித்தால் வெளி அடுக்கு சுக்குநூறாகும், பாரத்தைத் தாங்குகிற உள்ளடுக்குகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பிரச்சினை அது உடைந்து விழுவதில் இல்லை. நொறுங்கிய கண்ணாடி வழியே எதிரே எதுவும் தெரியாது, அதுதான் தலைவலி.

2017 ஜூலை 27 அன்று இஸ்தான்புல்லின் அத்தாதுர்க் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய அட்லஸ்குளோபல் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 ஒன்று, ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஆலங்கட்டிக்குள் சிக்கி, மூக்கு நசுங்கி, முன்கண்ணாடிகள் பார்க்கவே முடியாதபடி நொறுங்கிப்போயின. உக்ரைனைச் சேர்ந்த கேப்டன் ஒலெக்சாந்தர் அகோபோவ் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்து, முன்னே பார்வை இல்லாத நிலையில் தரையிறக்கினார். 121 பயணிகளும் பத்திரம். பிறகு உக்ரைன் அரசு அவருக்கு வீரத்துக்கான விருது கொடுத்தது. அந்தத் தரையிறக்கத்தின் வீடியோ இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. ஆக, ஒரே அடியில் மூக்கும் போய்க் கண்ணாடியும் போனால்கூட, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிற வரை மீட்டுவர வழி இருக்கிறது.

என்ஜின் அணைந்தால்?

இப்போது நிஜமான பயத்துக்கு வருவோம். ஜெட் என்ஜின் என்பது காற்றை உறிஞ்சி, அழுத்தி, எரிபொருளோடு கலந்து எரிக்கிற இயந்திரம். உள்ளே எப்போதும் ஒரு நெருப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஆலங்கட்டி, என்ஜினின் முகப்பில் சுழல்கிற ஃபேனின் தகடுகளை (ஃபேன் இறக்கைகளை) உடைத்துவிடும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அவை சுலபத்தில் உடையாது, அதற்கென்றே ஆலங்கட்டிகளைச் சுட்டுச் சோதித்துத்தான் என்ஜினுக்குச் சான்றிதழ் தருகிறார்கள். பெரிய என்ஜின்கள் என்றால் 25 மில்லிமீட்டர், 50 மில்லிமீட்டர் கட்டிகளை வைத்துச் சோதனை. நெருப்பை அணைப்பது உடைந்த உலோகமல்ல, தண்ணீர். உள்ளே போன பனிக்கட்டி நொறுங்கி, உருகி, நீராகி, ஆவியாகிறது. ஒவ்வொரு படியிலும் வெப்பத்தைத் தின்றுகொண்டே போகிறது. அளவு எல்லை மீறினால் எரிகலத்தில் நெருப்பு அணைந்துவிடும்.

எந்தக் கட்டத்தில் இது அதிகம் நடக்கும் தெரியுமா? விமானம் இறங்க ஆரம்பிக்கும்போது. முழு வேகத்தில் ஓடுகிற என்ஜினில் முன்னால் சுழல்கிற பெரிய ஃபேன் கட்டிகளை வெளிப்பக்கமாகத் தூக்கி எறியும். அவை நடு என்ஜினுக்குள் போகாமல், சுற்றியுள்ள பாதை வழியே பின்னால் போய்விடும். இறங்கும்போது விமானி என்ஜினை ஐடிலுக்கு, அதாவது அணையாமல் ஓடுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச விசைக்கு, குறைக்கிறார், ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, தூக்கி எறிகிற வலு குறைகிறது, உள்ளே போகிற காற்றும் குறைவு. ஆனால் விமானம் முன்னே போகிற வேகம் அப்படியே இருப்பதால் வந்து விழுகிற ஆலங்கட்டி மட்டும் குறையவே இல்லை. காற்று கொஞ்சம், தண்ணீர் நிறைய. மூன்று விமானங்களின் கதையைச் சொன்னால் இது இன்னும் நன்றாகப் புரியும்.

முதலாவது, 1977 ஏப்ரல் 4. அமெரிக்காவின் அலபாமாவில் ஹன்ட்ஸ்வில்லிலிருந்து அட்லாண்டாவுக்குப் போன சதர்ன் ஏர்வேஸ் 242, ஒரு டிசி-9 விமானம். கடுமையான இடிமேகக் கூட்டத்துக்குள் போய், மழையும் ஆலங்கட்டியும் அளவுக்கு மீறி என்ஜின்களுக்குள் இறங்கி, உள்ளே காற்றை அழுத்துகிற கம்ப்ரெசர்கள் சேதமாகி, இரண்டு என்ஜின்களும் நின்றுபோயின. ஜார்ஜியா மாநிலத்தின் நியூ ஹோப் என்ற சிற்றூர் வழியே போகிற நெடுஞ்சாலையில் இறக்கப் பார்த்தார்கள். இறங்கவும் செய்தார்கள், ஆனால் சாலையோரக் கட்டடங்களிலும் மரங்களிலும் மோதிச் சிதறியது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 72 பேர் இறந்தார்கள். ஆலங்கட்டி, விமானம் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வருகிற எந்தப் பேச்சிலும் இந்த விபத்து வராமல் இருக்காது.

இரண்டாவது, 1988 மே 24. எல் சால்வடாரின் டாக்கா (TACA) விமான நிறுவனத்தின் விமானம் 110, கிட்டத்தட்டப் புத்தம்புதிய போயிங் 737-300. நியூ ஆர்லியன்ஸில் இறங்கத் தயாராகி என்ஜினைக் குறைத்துக்கொண்டு வந்த நேரத்தில் கனமழையும் ஆலங்கட்டியும் அடித்து இரண்டு என்ஜினும் அணைந்தன. மறுபடி பற்றவைத்தார்கள், பற்றியும் கொண்டன, ஆனால் விசை ஏறவே இல்லை, சூடு மட்டும் ஏறியது, வேறு வழியில்லாமல் அணைத்தார்கள். கேப்டன் கார்லோஸ் தார்தானோ, ஒரு கால்வாயை ஒட்டிய புல் கரையில், ஓடுதளத்தில் இறக்குவதுபோலவே அதை இறக்கி நிறுத்தினார். விமானத்தில் இருந்த 45 பேருக்கும் உயிர் தப்பியது. சில வருடங்களுக்கு முன்பே எல் சால்வடாரின் உள்நாட்டுச் சண்டையில் அவர் ஒரு கண்ணை இழந்திருந்தார் என்பது தனிக் கதை. அந்த விமானத்தை என்ஜின் மாற்றி அங்கிருந்தே பறக்க வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள், அது பிறகு பல வருடம் பயணிகளோடு பறந்தது.

இந்தச் சம்பவம்தான் என்ஜின் வடிவமைப்பையே மாற்றியது. ஃபேனின் நடுவில் இருக்கிற கூம்பின் வடிவத்தை மாற்றி, கட்டிகள் வெளிப்பக்கம் தெறித்துப் போகும்படி செய்தார்கள், ஃபேன் இறக்கைகளின் இடைவெளியை மாற்றினார்கள், உள்ளே வந்துவிட்ட தண்ணீரையும் பனியையும் வெளியே துப்புகிற கதவுகளைக் கூட்டினார்கள். கனமழையில் இறங்கும்போது என்ஜினை ரொம்பக் குறைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்தது. மழையையும் ஆலங்கட்டியையும் எந்த அளவு வரை விழுங்கித் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் 1998-இல் புதிய சான்றிதழ் விதியே எழுதப்பட்டது.

அப்படியும் மூன்றாவது நடந்தது. 2002 ஜனவரி 16, இந்தோனேசியாவின் லோம்போக் தீவிலிருந்து யோக்யகர்த்தாவுக்குப் போன கருடா 421, மறுபடியும் ஒரு 737-300. இறங்குகிற கட்டம், என்ஜின் ஐடிலில், எதிரே இரண்டு மேகங்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதாகத் தெரிந்த பாதை, உள்ளே போனதும் ஆலங்கட்டி, இரண்டு என்ஜினும் அணைந்தன. மறுபடி பற்றவைக்கப் பார்த்தும் முடியவில்லை, அந்த முயற்சிகளுக்கிடையே மின்சாரமும் போய்விட்டது. ஜாவாவில் பெங்காவான் சோலோ ஆற்றில் ஆழமில்லாத ஓர் இடத்தில் விமானத்தை இறக்கினார் கேப்டன். 60 பேரில் ஒரு பணிப்பெண் மட்டும் இறந்தார், மற்ற 59 பேரும் பிழைத்தார்கள். அன்றைக்கு என்ஜின்களுக்குள் போன ஆலங்கட்டியின் அளவு, சான்றிதழுக்காகச் சோதிக்கிற அளவையே தாண்டியிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. என்ஜினை எவ்வளவுதான் பலப்படுத்தினாலும் இயற்கை அதற்கு மேலும் ஒரு பங்கு வைத்திருக்கிறது.

ரேடார் இருந்தும் ஏன் மாட்டுகிறார்கள்?

இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். மூக்கிலேயே ரேடாரை வைத்துக்கொண்டு ஏன் உள்ளே போக வேண்டும்?

விமானத்தின் ரேடார் ஆலங்கட்டியைத் தேடுகிற கருவியே இல்லை, அது தண்ணீரைத் தேடுகிறது. சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகளை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்து, லேசான மழைக்குப் பச்சை, நடுத்தரத்துக்கு மஞ்சள், கனத்ததற்குச் சிவப்பு என்று வரைகிறது. திரவத் தண்ணீரில் பட்டால் அலை நன்றாகத் திரும்பும். மேற்பரப்பு உருகி ஈரமாக இருக்கிற ஆலங்கட்டியும் பளிச்சென்று தெரியும். ஆனால் ரொம்ப உயரத்தில், ஈரமே இல்லாமல் காய்ந்து கெட்டியாக இருக்கிற கட்டி, அதே அளவு தண்ணீரைவிட மிகக் குறைவாகவே அலையைத் திருப்பி அனுப்பும். திரையில் பச்சையாகத் தெரிகிற இடத்தில் கட்டி இருக்கலாம், ஏன், ஒன்றுமே தெரியாத இடத்தில்கூட இருக்கலாம்.

ஆன்டெனா எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்பதும் முக்கியம். 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது நேராக முன்னே பார்த்தால் மேகத்தின் காய்ந்த உச்சிதான் கண்ணில் படும், அது ரேடாருக்கு ஏறக்குறையக் காலி இடம். கொஞ்சம் கீழே சாய்த்து, மேகத்தின் ஈரமான வயிற்றைப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய ஆள் என்று தெரியும். புதிய ரேடார்கள் இந்தச் சாய்வைத் தாங்களே மாற்றிப் பார்த்துக்கொள்கின்றன, பழையவற்றில் விமானிதான் திருகிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமான சூழ்ச்சி ஒன்று இருக்கிறது. முன்னால் மிகக் கனமான மழை பெய்துகொண்டிருந்தால் அலை முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க மிச்சமே இருக்காது. அந்தப் பின்பகுதி திரையில் கறுப்பாக, அதாவது வானம் தெளிவாக இருப்பதுபோல, தெரியும். விமானி அதைப் பார்த்து ‘அங்கே ஒரு இடைவெளி இருக்கிறது, அதன் வழியே போய்விடலாம்’ என்று நினைத்துத் திருப்பினால், போய்ச் சேர்வது புயலின் மிகக் கொடூரமான பகுதிக்குள். 1977-இல் சதர்ன் 242-ஐ ஏமாற்றியது இதுதான் என்று கருதப்படுகிறது. என்னைக் கேட்டால் இந்தத் தலைப்பில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம் இதுதான்: கறுப்பாகத் தெரிகிற இடம் காலியான இடமாக இருக்க வேண்டியதில்லை.

2024 ஜூன் 9 அன்று மயோர்க்கா தீவின் பால்மாவிலிருந்து வியன்னாவுக்குப் போன ஆஸ்திரியன் ஏர்லைன்ஸ் ஏ320 இறங்கும்போது ஆலங்கட்டியில் மாட்டியது, மூக்கின் முனையே காணாமல் போய் உள்ளே இருக்கிறதெல்லாம் தெரியும்படி வந்து இறங்கியது. அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. விமானிகள் சொன்னதாக நிறுவனம் அப்போது வெளியிட்ட தகவல், அந்த மேகம் ரேடாரில் தெரியவில்லை என்பதுதான். கேட்டவர்கள் பலர் நம்ப முடியாமல் கிண்டல் செய்தார்கள், ஆனால் மேலே சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அப்படி நடக்கவே முடியாது என்று சொல்லிவிட முடியாது.

அப்புறம், ஆலங்கட்டி மேகத்துக்குள்ளேயேதான் இருக்கும் என்றும் உத்தரவாதம் கிடையாது. மேகத்தின் உச்சி காற்று அடிக்கிற திசையில் பட்டறைக்கல் வடிவத்தில் விரிந்து நீண்டிருக்கும், அந்த நீட்டலின் கீழே, வெளியே தெளிவான வானத்தில்கூட, மேகத்திலிருந்து தூக்கி எறியப்பட்ட கட்டிகள் பல கிலோமீட்டர் தள்ளி விழும். எனவே மேகத்தைச் சுற்றிப் போவதென்றால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகப் போவதுதான் நல்லது. கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைல் தள்ளியே இருங்கள் என்று அமெரிக்க விமானத்துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஓரமாக ஒட்டிப் போய்விடலாம் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு பெரிய இடைவெளி.

ஆனால் 20 மைல் விலகுவதற்கு வானத்தில் இடம் வேண்டுமே. பக்கத்தில் வேறு விமானங்கள் இருக்கும், ராணுவத்துக்கு ஒதுக்கிய பகுதி இருக்கும், நாட்டின் எல்லை இருக்கும். 2025 மே 21 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்குப் போன இண்டிகோ விமானத்துக்கு நடந்தது அதுதான். பதான்கோட் அருகே எதிரே இடிமேகம், இடப்பக்கம் எல்லையை நோக்கி விலக அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. பாகிஸ்தானின் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டிருந்த சமயம், லாகூர் விமானக் கட்டுப்பாட்டு மையத்தைக் கேட்டும் மறுத்துவிட்டார்கள். திரும்பிவிடலாமா என்று பார்த்தார்கள், அதற்குள் மேகம் பக்கத்தில் வந்துவிட்டது. எது குறுகிய வழியோ அதன் வழியே நேராக ஊடுருவி ஸ்ரீநகர் போவதென்று முடிவெடுத்தார்கள். உள்ளே வேகமானிகள் குழம்பின, கணினியின் பாதுகாப்புகள் விலகிக்கொண்டன, ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு 8,500 அடி வீதம் விமானம் இறங்கியது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமே சொன்னது. 220-க்கும் மேற்பட்டவர்களோடு பத்திரமாக இறங்கியது, மூக்கு மட்டும் உடைந்திருந்தது.

‘உள்ளே மாட்டிக்கொண்ட பிறகு ஏன் திரும்பவில்லை’ என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். திரும்புவதற்குப் பெரிய வட்டம் அடிக்க வேண்டும், அந்த வட்டம் முழுக்க மேகத்துக்குள்ளேயே இருக்கும், சாய்ந்து திரும்பும்போது குலுக்கலைத் தாங்குகிற இடைவெளியும் குறையும். மணிக்கு 800 கிலோமீட்டரில் போகிற விமானம் ஒரு நிமிடத்தில் 13 கிலோமீட்டரைக் கடந்துவிடும், ஆலங்கட்டி கொட்டுகிற பகுதியின் அகலம் பெரும்பாலும் சில கிலோமீட்டர்தான். நேராகப் போனால் ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் உள்ளே போய்விட்டால் செய்வது இவ்வளவுதான்: வேகத்தைக் குலுக்கலுக்கென்று வகுத்த அளவுக்குக் குறைப்பது, நெருப்பு அணைந்தாலும் உடனே பற்றிக்கொள்ளும்படி பற்றவைப்பு முறையைத் தொடர்ந்து இயக்கத்தில் வைப்பது, என்ஜினை ஐடிலுக்கு விடாமல் பார்த்துக்கொள்வது, இறக்கைகளைச் சமமாக வைத்து நேராக ஓட்டுவது.

கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது, சத்தம்தான் தெரியும். ஜன்னல் வழியே பார்த்தால் ஒன்றும் புலப்படாது, விமானத்தின் உடம்பு முழுக்கச் சரளைக் கல்லைக் கொட்டுகிற இரைச்சல், அதோடு தூக்கிப் போடுகிற குலுக்கல். பயணிகளுக்கு அடிபடுவது அந்தக் குலுக்கலில்தான், ஆலங்கட்டி யார் மேலும் வந்து விழப்போவதில்லை. பெல்ட் போட்டிருந்தவர்கள் பெரும்பாலும் பயத்தோடு மட்டும் தப்பித்துவிடுவார்கள், போடாதவர்கள் மேல்கூரையில் மோதுவார்கள். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் பெல்ட்டைத் தளர்வாகவாவது போட்டிருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

தரையில் நிற்கிற விமானத்துக்கும் ஆலங்கட்டி எதிரிதான், ஆனால் அங்கே கதை தலைகீழ். அடி மேலிருந்து விழும், இறக்கையின் மேல்பரப்பும் முதுகும் குழிவிழும். வேகம் குறைவு என்பதால் பெரும்பாலும் ஓட்டை விழாது, ஆனால் ஒரு சின்னக் குழிகூட எங்கே, எவ்வளவு ஆழம் என்று அளந்து குறித்து, தயாரிப்பாளர் கொடுத்திருக்கிற வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபடி பறக்க விடுவார்கள். அலுமினிய உடல் என்றால் குழி கண்ணுக்குத் தெரியும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி கார்பன் இழைகளால் செய்த உடல்களில் சிக்கல் வேறு மாதிரி: வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம், அதனால் தட்டிப் பார்த்தும் அல்ட்ராசவுண்ட் வைத்தும் சோதிக்க வேண்டியிருக்கும். பத்து நிமிட ஆலங்கட்டி மழைக்குப் பிறகு நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிகிற விமானங்கள்கூட நாள்கணக்கில் ஹேங்கரில் நிற்பது இதனால்தான்.